ரெண்டு சுழிப் பனி

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் காவ்யாவின் சாக்ஸைக் கழற்றிய இடத்தில் நிறுத்தியிருந்தோம். வாசகர்கள் பிடிபிடியென்று பிடித்துவிட்டார்கள். 'ஒரு பெண்ணின் கால் விரலை எடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருக்கச் சொல்கிறீரே, உமக்கு மனசாட்சி இருக்கிறதா?' என்று ஆவடியிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருக்கிறார். இருக்கிறது அம்மணி. பக்கம்தான் இல்லை.

இந்த வாரம்தான் முதலில் படிக்கிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவ்யா சென்னையில் அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டுப் பெண். இமயமலையில் ஒரு பனிச்சரிவு ஆராய்ச்சி மையத்தில் விஞ்ஞானி. மலைச்சரிவில் விழுந்து கிடக்கும் பனி அப்படியே நிற்குமா, சரிந்து வந்து ரோட்டில் போகிறவர்களை மூடுமா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அடுத்தவர் பொறுப்பில்தான் இருந்தாள். பனியில் குழி தோண்டிப் பார்த்து மேலே சொல்லிவிட வேண்டியது, முடிவு வேறு யாரோ எடுப்பார்கள். இந்தக் குளிர்காலத்தில்தான் முதன்முதலாக ஒரு மலைப்பாதை முழுவதையும் அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். அவள் திற என்றால் ரோடு திறக்கும், மூடு என்றால் மூடும். அந்தப் பாதைக்காக அவள் எத்தனை பொங்கலை, எத்தனை கல்யாணங்களைத் தள்ளிப் போட்டிருக்கிறாள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு லீவில் வந்தவள் வீட்டுக்குள்ளும் சாக்ஸோடு திரிந்தாள். சென்னையில், அதுவும் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில், யார் சாக்ஸோடு திரிவார்கள்? அம்மா நாகவல்லிக்குச் சந்தேகம் வந்து, தூங்கும்போது கழற்றிப் பார்த்துவிட்டாள். இடது கால் சுண்டுவிரல் இல்லை. போன குளிர்காலத்தில் மலைமேல் மாட்டிக்கொண்டபோது உறைந்து கறுத்துப் போய், டாக்டர் எடுத்துவிட்டார். காவ்யா வீட்டில் மூச்சு விடவில்லை.

நாகவல்லி ஒப்பாரி வைக்கவில்லை. பூந்தமல்லி தாண்டி இருக்கிற ஒரு பொறியியல் கல்லூரிக்குப் போன் போட்டுப் பேசி, மகளுக்கு ஒரு நேர்முகத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அவள் வேலை பார்க்கும் கேண்டீனுக்குக் காய்கறி போடுகிறவர்தான் அந்தக் கல்லூரி விடுதிக்கும் போடுகிறார். வழி அப்படிக் கிடைத்தது.

"ஒரே ஒரு தபா வந்து பாரு. புடிக்கலன்னா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

காவ்யாவும் சரி என்றாள். போய் உட்கார்ந்துவிட்டு, மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தால் அம்மா மனசு ஆறும் என்று கணக்குப் போட்டாள்.

அந்த நேர்முகம் இன்றைக்கு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. மேனாம்பேட்டில் பனி என்றால் மார்கழி, தை மாதத்தில் விடியற்காலையில் இறங்குகிற பனி. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால் தீர்ந்தது. எதிர்வீட்டுத் தாயம்மாள் இன்றைக்கு வரைக்கும் கேட்கிறாள்: "பனிக்கு இன்னாடி ஆராய்ச்சி? காதுல பஞ்சு வச்சிகினா போச்சு."

'ஐஸ்' என்று விளக்கினாலும் வம்புதான். காவ்யாவின் அப்பா முனியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐஸ் கம்பெனியில் காலமெல்லாம் ஐஸ் பார் தூக்கினவர். அதனால் தெருவில் பாதிப்பேர், பெண்ணும் வடக்கே ஏதோ பெரிய ஐஸ் கம்பெனியில் இருக்கிறது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். முனியன் திருத்தப் போவதில்லை. "பெரிய கம்பெனிதான். கரண்டே வாணாம்" என்பார்.

நாகவல்லி மட்டும் மகள் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. யாராவது கேட்டால் "கெவுருமெண்ட்டு வேலை" என்று முடித்துவிடுவாள்.

காலையில் காவ்யா அப்பாவோடு அயனம்பாக்கம் ஏரிக்கரைக்கு நடக்கப் போயிருந்தாள். ஏரியே தெரியவில்லை. வெள்ளையாய் மூடிக் கிடந்தது. முனியன் தலைத்துண்டை இறுக்கிக்கொண்டார்.

"உங்க பனி இப்படித்தான் இருக்குமா?"

"இல்ல நைனா. இது காத்துல நிக்குது. வெயில் வந்தா போயிடும். அது கீழ விழுந்து, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கு அடுக்கா உக்காந்துக்கும். மாசக்கணக்கா அப்படியே கெடக்கும்."

"நான் ஐஸ ஒடைச்சு சம்பாரிச்சேன். நீ ஒடையாம கீதான்னு பாத்து சம்பாரிக்கிற."

"அதேதான்."

"அந்தக் காலேஜு வேலைக்குப் போகப்போறியா?"

"இல்ல நைனா. அம்மாவுக்காக ஒரு எட்டு போயிட்டு வரேன். அந்த ரோடு என் கைக்கு வர்றதுக்கு இத்தினி வருஷம் ஆச்சு. அத விட்டுட்டு வருவேனா?"

முனியன் தலையை ஆட்டினார். எந்தப் பக்கம் ஆட்டினார் என்று அவருக்கே தெரியாது. மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் இத்தனை காலம் குடும்பம் நடத்தியவர்.

இவர்கள் இங்கே நின்று பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டில் சார்ஜ் போட்டிருந்த காவ்யாவின் போன் அடித்தது. நாகவல்லி சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

விஷ்ணு. ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன். அப்பாவுக்குப் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை. மகன் காவ்யாவிடம் ஒப்பந்த உதவியாளன். அவள் லீவில் இருக்கும்போது மலையைப் பார்த்துக்கொள்வது அவன்தான்.

"அம்மா, நல்லா இருக்கீங்களா? அக்கா இல்லையா? சரி, நீங்களே சொல்லிடுங்க, ரொம்ப அவசரம். இங்க ராத்திரி எதிர்பாக்காம புதுப் பனி விழுந்திருக்கு. அடியில இருக்கற அடுக்கு சர்க்கரை மாதிரி உதிருது, அதுமேல இது ஒட்டல. எனக்கு பயமா இருக்கு. ரோடு ஆளுங்க திற திறன்னு உயிரை எடுக்கறாங்க. நான் இப்ப மேல ஏறிடுவேன், அங்க சிக்னல் கிடையாது. நான் இறங்கறதுக்குள்ள அக்கா வேண்டாம்னு ஆபீசுக்கு ஒரு வார்த்தை சொன்னா ரோட்டை மூடியே வச்சிருப்பாங்க. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு எடுத்துகிட்டு, நான் இறங்கினதும் திறந்திடுவோம். மறக்காம சொல்லிடுங்கம்மா."

"சரிப்பா. சொல்றேன்."

"பனின்னு சொன்னாலே அக்காவுக்குப் புரிஞ்சிடும்."

"சொல்றேன் தம்பி. நீ சாப்ட்டியா?"

லைன் போய்விட்டது. நாகவல்லி போனைத் திரும்பச் சார்ஜில் போட்டாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். அடுப்பில் வைத்த எண்ணெய் புகைந்ததும் போய் அணைத்தாள்.

ஏரிக்கரையிலிருந்து காவ்யா வந்ததும் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்த விஷ்ணு தம்பி கூப்ட்டுச்சு."

"இன்னா சொன்னான்?"

"பனியா கீதாம். ஒடம்ப பாத்துக்க சொல்லிச்சு."

காவ்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இங்கயும் பனிதான்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன், சொன்னேன். இந்தப் பொடவை நல்லா கீதா, இல்ல அந்த ஊதாவா?"

காவ்யா ஒருமுறை திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலைமேல் இருப்பான், அங்கே எப்போதும் அப்படித்தான். நேற்று ராத்திரி பார்த்த வானிலை அறிக்கையில் வானம் தெளிவு என்றே இருந்தது. இன்றைய அறிக்கையைத் திறக்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் நாகவல்லி ஊதாப் புடவையோடு வந்து நின்றாள். அதோடு அது மறந்துபோயிற்று.

பெரிய தப்புகள் எல்லாம் இப்படித்தான் நடக்கின்றன. யாரோ ஒருவர் புடவையோடு வந்து நிற்கிறார்.

சாப்பாடு முடித்து அம்மாவும் பெண்ணும் கிளம்பினார்கள். திருவேற்காடு வரை ஆட்டோ, அங்கிருந்து பூந்தமல்லிக்கு ஷேர் வேன். வேனில் நாகவல்லி யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிக்கொண்டு வந்தாள்: "என் பொண்ணு. டாக்டரு பட்டம் வாங்கிகீது. ஊசி போடற டாக்டரு இல்ல, படிச்ச டாக்டரு."

காவ்யா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருந்தாலும் கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கல்லூரியில் பத்மா என்ற அலுவலகப் பெண் ரொம்ப மரியாதையாக அழைத்துப் போய்த் தாளாளர் அறையில் உட்கார வைத்தாள். தாளாளர் பெயர் ஹேமநாதன். நல்ல மனிதர், ஆனால் எதிராளி பேசி முடிக்கும் வரை காத்திருக்கிற பழக்கம் கிடையாது.

"வாங்க, வாங்க. உங்கள மாதிரி ஆளைத்தான் ரெண்டு வருஷமா தேடறேன். பசங்க படிச்சுடறாங்க மேடம், வேலைதான் கிடைக்க மாட்டேங்குது. உங்க விவரம் பார்த்தேன். பணி ஆராய்ச்சியில டாக்டர் பட்டம்! உடனே வரச் சொல்லுன்னுட்டேன். எங்க பிளேஸ்மெண்ட் பிரிவு மொத்தமும் உங்க பொறுப்பு."

காவ்யாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேசைமேல் இருந்த தாளைத் தலைகீழாகவே படித்தாள். 'முனைவர் மு. காவ்யா, பணி ஆராய்ச்சியாளர்.' நாகவல்லி போனில் வாயால் சொன்னது. அவள் வாயில் ரெண்டு சுழிக்கும் மூணு சுழிக்கும் வித்தியாசம் கிடையாது. பத்மாவின் காதிலும் கிடையாது.

"சார், மூணு சுழி இல்ல. ரெண்டு சுழி."

"எது?"

"பனி. நான் பனி ஆராய்ச்சி பண்றேன்."

"ஓ!" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். "இந்த ஏர்போர்ட்ல பிளேன் எல்லாம் லேட்டாகுதே, அந்தப் பனியா?"

"இல்ல சார். ஸ்நோ."

ஹேமநாதன் மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். கதவருகே நின்ற பத்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுல ஆராய்ச்சி பண்ண என்னம்மா இருக்கு? விழும், உருகும்."

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. காவ்யா டீத் தட்டிலிருந்த கோப்பைகளை எடுத்து ஓரமாக வைத்தாள். சர்க்கரைக் கிண்ணத்தை எடுத்துத் தட்டில் கொட்டிப் பரப்பினாள். ஹேமநாதனின் டைரியை, அவரைக் கேட்காமலே எடுத்து, அதன்மேல் வைத்தாள்.

"இந்தச் சர்க்கரை பழைய பனி, சார். மணிமணியா இருக்கும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. டைரி, நேத்து விழுந்த புதுப் பனி. பாக்கறதுக்கு நல்லா கெட்டியா உக்காந்திருக்கு இல்லையா? ஆளுங்க மேல நடக்கலாம். கீழ ரோட்டுல பஸ் போகலாம். ஒண்ணும் ஆகாது." தட்டின் ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கினாள். "எவ்வளவு சாய்வு இருந்தா, எவ்வளவு கனம் விழுந்தா இது கெளம்பும்னு சொல்லணும். கெளம்பறதுக்கு முன்னாடியே சொல்லணும்."

டைரி சரேலென்று வழுக்கி ஹேமநாதன் மடியில் விழுந்தது. கூடவே பாதிச் சர்க்கரையும்.

"அடேயப்பா!" என்றார் அவர், வேட்டியை உதறியபடி. பத்மா அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

காவ்யாவும் சிரித்தாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நாகவல்லி வெகுகாலமாகப் பார்த்ததில்லை. இந்தப் பெண் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கியபோதுகூட உம்மென்றுதான் நின்றாள். நாகவல்லி மேசைமேல் சிந்திக் கிடந்த சர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காவ்யா" என்றாள். "வெளிய வாயேன். ஒரு விசயம் சொல்லணும்."

"இரும்மா, சார் பேசிகிட்டு இருக்கார்."

ஹேமநாதன் தோற்றுப் போகிறவர் இல்லை. "பிசிக்ஸ் பாடத்துக்கு ஒரு இடம் இருக்கு. இந்த மாதிரி சொல்லிக்கொடுத்தா பசங்க வகுப்பை விட்டு எழுந்திருக்கவே மாட்டாங்க. என்ன சொல்றீங்க?"

காவ்யா வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். போன் அடித்தது. விஷ்ணு.

"அக்கா, இப்பதான் இறங்கினேன். உங்ககிட்டேருந்து மறுப்பு ஒண்ணும் இல்லைன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ரோடு திறந்தாச்சு. இருந்தாலும் மனசு கேக்கல, அதான் கூப்பிட்டேன்."

"திறந்தாச்சா? எப்போ மூடினீங்க? எதுக்கு மூடினீங்க?"

"அக்கா, காலைல அம்மாகிட்ட எல்லாம் சொன்னேனே? ராத்திரி புதுப் பனி, அடி அடுக்குமேல ஒட்டல, நீங்க வேண்டாம்னா மூடியே வைக்கிறோம்னு..."

காவ்யா எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"மூடு விஷ்ணு. இப்பவே மூடு. ஒரு வண்டி விடாத!"

"மூடச் சொல்றேன்க்கா. ஆனா முதல் பஸ் உள்ள போயிடுச்சு."

தாளாளரிடம் சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. காவ்யா வெளியே வந்து தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றாள். நாகவல்லி பின்னாலேயே ஓடி வந்தாள். ஆபத்தான வளைவுகள் இருக்கிற அந்தப் பகுதியில் போன் எடுக்காது. பஸ் அந்தப் பக்கம் வெளியே வந்தால்தான் தெரியும். அதுவரை செய்வதற்கு ஒன்றும் இல்லை.

"அம்மா, விஷ்ணு காலைல உன்கிட்ட இன்னா சொன்னான்?"

"அதான் சொன்னேனே. பனியா கீதுன்னு."

"அவ்ளோதான் சொன்னானா?"

நாகவல்லி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னான்னமோ சொல்லிச்சு. கடகடன்னு பேசிச்சு."

காவ்யா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அம்மாவைத் திட்டவில்லை. என்னத்தைத் திட்டுவது? தாயம்மாளுக்கு ஒரு பனி, ஹேமநாதனுக்கு ஒரு பனி, அம்மாவுக்கு ஒரு பனி.

"அந்த பஸ்ஸுல யாரு இருப்பாங்க?" என்று நாகவல்லி கேட்டாள்.

"மேல ஊருக்குப் போறவங்க. சந்தைக்கு வந்துட்டுத் திரும்பற பொம்பளைங்க. ஸ்கூல் புள்ளைங்க."

நாகவல்லி மரத்தடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இவள் கட்டியிருந்தது புதுப் பொங்கல் புடவை, அது மண்ணில் புரண்டது. உதடு மட்டும் அசைந்தது. கருமாரியைக் கூப்பிட்டாளோ, வேறு யாரைக் கூப்பிட்டாளோ.

கல்லூரி விட்டு மாணவர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டு போனார்கள். பஸ்கள் வந்து நிரப்பிக்கொண்டு போயின. காவ்யா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இங்கும் அங்கும் நடந்தாள். விரல் இல்லாத கால் வலித்தது. நிற்கவில்லை.

போன் அடித்தது.

"அக்கா! பஸ் வெளிய வந்துடுச்சுக்கா! எல்லாரும் பத்திரம்!" விஷ்ணு அழுதுகொண்டிருந்தான். "ஆனா மலைப் பனி சரிஞ்சு வந்துடுச்சு. பஸ் கடைசி வளைவைத் தாண்டினதும் பின்னாடியே வந்துடுச்சு. ரோடே இல்ல. பின் கண்ணாடில பனி அடிச்சுதாம்."

காவ்யா கண்ணை மூடிக்கொண்டாள். "யாருக்கும் அடி இல்லையே?"

"இல்லக்கா."

அம்மாவிடம் திரும்பி, "ஒண்ணும் ஆகல. எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். நாகவல்லி இரண்டு கையாலும் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அரசாங்க வேலையில் யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டாலும் யாராவது பதில் சொல்ல வேண்டும். சற்று நேரத்தில் மையத்தின் தலைமை அதிகாரியே கூப்பிட்டார். பேச்சு இந்தியில் நடந்தது. அவர் கேட்டது ஒரே கேள்விதான். விஷ்ணு உன் வீட்டில் தகவல் சொன்னதாகச் சொல்கிறான். அது உனக்கு வந்து சேர்ந்ததா, இல்லையா?

இல்லை என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் இல்லை என்றால் அடுத்த கேள்வி விஷ்ணுவுக்கு. ஒரு மலைப்பாதையில் போகிறவர்கள் உயிர் சம்பந்தப்பட்ட தகவலை, விஞ்ஞானியின் அம்மாவிடம் சொல்லிவிட்டு மலையேறினானா? ஒப்பந்தக்காரன். சாயங்காலத்துக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அந்த அம்மா பேரும் விசாரணையில் ஏறும். எழுத்து தெரியாத அம்மாவைப் பிடித்துக்கொண்டு, ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள்.

இன்றைய வானிலை அறிக்கையைத் திறந்து பார்க்காததும் காவ்யாவுக்கு நெஞ்சில் குத்தியது.

"வந்து சேர்ந்தது சார்" என்றாள். "நான்தான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையது."

அவர் நிதானமாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. பாதை இன்றே அவள் பொறுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. லீவு முடிந்து வந்ததும் விசாரணை. இனி மலைக்கு அனுப்புவதா, ஆபீஸ் கட்டிடத்திலேயே உட்கார வைப்பதா என்பதை அதற்கப்புறம் பார்க்கலாம்.

காவ்யா போனை இறக்கினாள். அழுகை வந்தது. காலேஜ் வாசலில், போகிறவர் வருகிறவர் பார்க்க, அழுதாள்.

அந்த நேரம் பார்த்துப் பத்மா ஓடி வந்தாள். "மேடம், சார் திங்கக்கிழமையே வந்து சேரச் சொல்றாரு. உங்களுக்குச் சம்மதம்தானேன்னு கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"போன் பண்றேன்னு சொல்லுங்க."

நாகவல்லி எதைக் கேட்டு நேர்ந்துகொண்டாளோ அது கிடைத்துவிட்டது. மகள் ஊரோடு வந்துவிடுவாள் போலிருக்கிறது. காலில் மிச்சம் இருக்கிற விரல்கள் பத்திரம். ஆனால் நாகவல்லி முகத்தைப் பார்த்தால் சந்தோஷம் இருப்பதாகத் தெரியவில்லை.

திரும்பும்போது ஷேர் வேனில் கூட்டம் இல்லை. வேலப்பன்சாவடி சிக்னலில் வண்டி நின்றபோது நாகவல்லி கேட்டாள்:

"அந்த ஆபீசரு இன்னா சொன்னாரு?"

"ரோட்ட என்கிட்டேருந்து எடுத்துட்டாங்கம்மா."

"நீ இன்னா சொன்ன?"

"விஷ்ணு சொன்னது எனக்குத் தெரியும், நான்தான் கண்டுக்கலன்னு சொன்னேன்."

"இன்னாத்துக்குடி அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? அந்தப் பையனுக்கு வேலை போயிடும்." காவ்யா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபமே இல்லை. "நீ மனச போட்டு ஒயப்பிக்காத. உன்மேல தப்பு இல்ல. உனக்கு இன்னா தெரியும், பாவம்? அவன் பனின்னான், நீ நம்மூரு பனின்னு நெனச்சுகின. தெரியாம நடந்துச்சு."

நாகவல்லி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

காவ்யாவுக்கு ஏன் என்று புரியவில்லை. திட்டியிருந்தால் இந்த அம்மா பதிலுக்குத் திட்டி, அழுது, தீர்த்திருப்பாள். மன்னித்ததுதான் தாங்கவில்லை. அதுவும் 'உனக்கு இன்னா தெரியும், பாவம்' என்று மன்னித்தது. கேண்டீனில் ஐந்நூறு பேர் சாப்பாட்டை ஒற்றை ஆளாகக் கட்டி ஆள்கிறவளை யாரும் இதுவரை பாவம் என்று சொன்னதில்லை.

திருவேற்காட்டில் இறங்கினார்கள். கோயிலுக்குப் போகிற கூட்டமும் ஆட்டோக்களும் அடைத்துக்கொண்டிருந்தன. மேனாம்பேட்டுக்கு ஆட்டோ பிடிக்கக் காவ்யா கை தூக்கினாள்.

"போனக் குடு" என்றாள் நாகவல்லி.

"யாருக்கு? நைனாவுக்கா?"

"அந்த விஷ்ணு தம்பிக்கு. போட்டுக் குடு."

"அம்மா, அவனே பயந்துகினு கீறான். அவன்கிட்ட போயி மன்னிப்பெல்லாம் கேக்க வாணாம்."

"போட்டுக் குடுன்னு சொல்றேன்ல!"

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம். காவ்யா எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள். தெரு இரைச்சலில் கேட்காது என்று நாகவல்லி போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் விஷ்ணுவின் குரல் வந்தது.

"அக்கா?"

"அக்கா இல்லப்பா. அவங்கம்மா பேசறேன். நான் சொல்றத நல்லா கேட்டுக்க. காலைல நீ சொன்னது ஒண்ணுவுடாம எனக்குப் புரிஞ்சுது. எந்தப் பனின்னும் தெரியும், மூடச் சொல்லணும்னும் தெரியும். அவகிட்ட சொன்னா காலேஜுக்கு வராம போன புடிச்சிகினு உக்காந்துடுவா, அடுத்த பிளேன புடிச்சு ஓடியே பூடுவான்னு நான்தான் வேணும்னு மறைச்சேன். எம்பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது. இத்த அப்டியே உங்க ஆபீசரு கைல சொல்லிடு."

போனைப் பிடுங்க நீட்டிய காவ்யாவின் கை பாதியில் நின்றது. அம்மாவைப் பார்த்தாள். நாகவல்லி அவளைப் பார்க்கவில்லை.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ இந்தியில் ஏதோ கேட்டார்கள். விஷ்ணுவின் குரல் மிகவும் தணிந்து வந்தது.

"அம்மா... நான் பெரிய சார் ரூம்ல இருக்கேன். எழுதி வாங்கிட்டு இருக்காங்க. யார் கூப்பிட்டாலும் ஸ்பீக்கர்ல போடுன்னு சொல்லியிருக்காரு. நீங்க பேசினது முழுக்க அவர் கேட்டாரு. ஆனா அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த அம்மா என்ன சொல்றாங்கன்னு கேக்கறாரு. அக்கா, பக்கத்துல இருக்கீங்களா? நான் என்னன்னு சொல்லட்டும்?"